ஃப்ளோ வீடியோ போடுறப்போ எங்க பாஸ் பண்ணி நிறுத்தணும்?

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் (தண்ணி, காத்து மாதிரி ஓடுற பொருள்கள் பத்தின பாடம்) எடுக்குற யாரைக் கேட்டாலும் ஒரே புலம்பல்தான். பசங்க கணக்கு போட்டுடுறாங்க, பெர்னோலி ஈக்வேஷன்ல நம்பரைப் போட்டு விடையும் கொண்டு வந்துடுறாங்க, ஆனா குழாய்க்குள்ள என்னதான் நடக்குதுன்னு கேட்டா முழிக்கிறாங்க. இதுல அவங்க தப்பு பெருசா ஒண்ணும் இல்ல. பீம் வளையுறதைப் பாக்கலாம், ஸ்ப்ரிங் நீளுறதைப் பாக்கலாம், கண்ணாடிக் குழாய் நிறைய சுத்தமான தண்ணி இருந்தா மட்டும் அது ஓடுதா நிக்குதான்னே தெரியாது. காத்து அதைவிட மோசம். கண்ணுக்கே படாத ஒரு விஷயத்துக்கு வெக்டர் கால்குலஸ் எழுதுன்னு சொல்றோம், அவங்களும் எழுதித் தள்ளுறாங்க.

அதனால இந்தப் பாடத்துல படம் காட்டுறதை யாரும் ஆடம்பரம்னு சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்ச வேலை இது. 1883ல மான்செஸ்டர்ல ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாய்ல ஓடுற தண்ணிக்குள்ள மெல்லிசா ஒரு சாயக் கோடு விட்டார், தண்ணி மெதுவா ஓடுறப்போ கோடு கடைசி வரைக்கும் நேரா போச்சு, வேகத்தை ஏத்த ஏத்த ஒரு கட்டத்துல கோடு நடுங்கிக் கலைஞ்சு குழாய் முழுக்க சாயம் பரவிடுச்சு. லுட்விக் பிரான்டில் 1904ல பவுண்டரி லேயர் (சுவரை ஒட்டி ஓட்டம் மெதுவாகுற மெல்லிய அடுக்கு) பத்தி பேசினப்போ, கையால சுத்துற துடுப்புச் சக்கரம் வெச்ச சின்னத் தொட்டில மைக்கா தூள் கலந்து எடுத்த போட்டோக்களையும் காட்டினார். அப்புறம் 1961ல எம்ஐடில ஆஷர் ஷாப்பிரோ ஒரு கமிட்டி ஆரம்பிச்சு வகுப்புல காட்டுறதுக்குன்னே படங்கள் எடுக்க வெச்சார், மொத்தம் 39. எல்லாமே இப்போ நெட்ல இலவசமா கிடைக்குது. பழைய படம், சத்தம் கொஞ்சம் கரகரன்னு இருக்கும், ஆனா இன்னைக்கு வர்ற பளபள அனிமேஷன்ல பாதிக்கு மேல அதுங்க கிட்ட நிக்காதுங்கிறது என்னோட கணிப்பு.

சரி, இவ்ளோ இருக்கே, அப்புறம் ஏன் பசங்களுக்குப் புரியலன்னு கேட்டா, நாம போடுற விதம்தான். லைட்டை அணைச்சு, ப்ரொஜெக்டர்ல வீடியோவை ஓடவிட்டு, முடிஞ்சதும் "புரிஞ்சுதா?"ன்னு கேட்டா எல்லாரும் தலையாட்டுவாங்க. பாக்குறப்போ அவங்களுக்கு நிஜமாவே புரிஞ்ச மாதிரிதான் இருக்கும், பொய் சொல்லல. அடுத்த நாள் அதே விஷயத்தைக் கொஞ்சம் மாத்திக் கேட்டா காலி. ஹார்வர்டுல எரிக் மசூரோட குழு 2004ல இதைப் பத்தி ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, இயற்பியல் வகுப்புல டெமோவை சும்மா உக்காந்து பாத்தவங்களுக்கும் டெமோவே பாக்காதவங்களுக்கும் புரிதல்ல பெரிய வித்தியாசம் இல்ல, ஆனா என்ன நடக்கும்னு முன்னாடியே ஊகிச்சுட்டு அப்புறம் பாத்தவங்க தெளிவா மேல இருந்தாங்க. டெமோவுக்குச் சொன்னது வீடியோவுக்கு இன்னும் அதிகமாவே பொருந்தும்னு நினைக்கிறேன், ஏன்னா டெமோலயாவது எதிர்ல ஒரு மனுஷன் நின்னு தண்ணியைக் கொட்டிக்கிட்டிருப்பான்.

அதனால என் கிளாஸ்ல ஒரே ஒரு விதிதான், முக்கியமான நொடிக்கு முன்னாடி பாஸ். உதாரணத்துக்கு அந்த 1960கள் படங்கள்ல ஒண்ணுல ஜி.ஐ.டெய்லர்ங்கிற பெரிய ஃப்ளூயிட் விஞ்ஞானியே வந்து ஒரு சோதனை பண்ணிக் காட்டுவார். ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெண்டு சிலிண்டர், நடுவுல கிளிசரின், அதுல ஒரு சொட்டு சாயம். உள் சிலிண்டரை மெதுவா சுத்துறார், சாயம் இழுபட்டு இழுபட்டு வளையமா நீண்டு கரைஞ்சே போச்சுன்னு தோணும். இங்க நிறுத்திடுவேன். இப்போ அதே அளவு ரிவர்ஸ்ல சுத்தினா என்ன ஆகும்னு நோட்டுல எழுதுங்க, பேசக் கூடாது, வெறும் விடை போதாது காரணமும் வேணும். பாதிப் பேரு "இன்னும் கலங்கும்"னு எழுதுவாங்க, கலந்தது பிரியாதுன்னு சின்ன வயசுலேர்ந்து பழகினது. ரெண்டு பேரு விவரமா "என்ட்ராபி ஏறும்"னு கூட எழுதுவாங்க. அப்புறம் ப்ளே. சுத்தின அளவு திரும்பச் சுத்தி முடிக்கிறப்போ சாயச் சொட்டு பழைய இடத்துல வந்து நிக்கும், ஓரம் மட்டும் லேசா மங்கியிருக்கும். கிளாஸ்ல ஒரு சத்தம் வரும் பாருங்க, அந்தச் சத்தத்துக்கு அப்புறம்தான் ரெனால்ட்ஸ் நம்பர் (இனர்ஷியாவுக்கும் பிசுபிசுப்புக்கும் உள்ள விகிதம்) ரொம்ப சின்னதா இருந்தா இனர்ஷியா டெர்ம் விழுந்துடும், மிச்சம் இருக்குற ஈக்வேஷன்ல நேரமே இல்ல, சுவர் எவ்ளோ நகர்ந்துச்சுங்கிறது மட்டும்தான் கணக்குன்னு போர்டுல எழுதுவேன். அந்த ஓரத்துல மங்கினது மாலிக்யூலர் டிஃப்யூஷன், அது மட்டும் திரும்பாது, அதையும் அவங்களே கேட்டுடுவாங்க. இதே ஈக்வேஷனை முதல்லயே எழுதியிருந்தா காப்பி பண்ணிட்டுப் போயிருப்பாங்க.

இப்போ கம்ப்யூட்டர் இல்லாம முடியவே முடியாதுன்னு நான் சொல்ற ஒரு இடத்துக்கு வர்றேன். ஸ்ட்ரீம்லைன், ஒரு நொடில வேகம் காட்டுற திசையைத் தொட்டுப் போற கோடு; பாத்லைன், ஒரே துகள் போற பாதை; ஸ்ட்ரீக்லைன், ஒரே புள்ளி வழியா வந்த துகள் எல்லாம் சேர்ந்த கோடு. ஸ்டெடி ஃப்ளோன்னா நேரத்தோட மாறாத ஓட்டம். எல்லா டெக்ஸ்ட்புக்லயும் மூணாவது இல்ல நாலாவது சாப்டர்ல ஒரு பக்கத்துல மூணு டெஃபனிஷன் இருக்கும், கடைசில "ஸ்டெடி ஃப்ளோல மூணும் ஒண்ணே"ன்னு ஒரு வரி. பசங்க அந்தக் கடைசி வரியை மட்டும் புடிச்சுக்குவாங்க, அதுக்கு மேல ஒண்ணும் நிக்காது, ஏன்னா மூணும் வேற வேறயா ஆகுறதைப் பேப்பர்ல காட்ட முடியாது, அது நேரத்துல நடக்குற விஷயம்.

ஒரு சின்ன ஃப்ளோ எடுத்துக்கோங்க. கிடைமட்ட வேகம் எப்பவும் யூ, மாறாது. செங்குத்து வேகம் நேரத்தோட மேலயும் கீழயும் ஆடுது, வி இன்டு காஸ் ஒமேகா டி (டி நேரம், ஒமேகா எவ்ளோ வேகமா ஆடுதுங்கிறது). எந்த நேரத்துல பாத்தாலும் இடத்துக்கு இடம் வித்தியாசம் கிடையாது, எல்லா இடத்துலயும் ஒரே வேகம். ஒரு புள்ளிலேர்ந்து சாயம் விட்டுக்கிட்டே இருக்கோம். இப்போ ஒமேகா டி 90 டிகிரி ஆகுற நொடில படத்தை நிறுத்துங்க. அந்த நொடில செங்குத்து வேகம் பூஜ்யம், அதனால ஸ்ட்ரீம்லைன் எல்லாம் படுத்த கோடு. ஆனா சாயக் கோடு, அதான் ஸ்ட்ரீக்லைன், மேல் பக்கமா புடைச்சு நிக்குது, ஏன்னா போன அரை சைக்கிள் முழுக்க ஓட்டம் மேல தள்ளிக்கிட்டிருந்துச்சு, அதுக்குள்ள வெளிய வந்த சாயம் எல்லாம் மேல ஏறிடுச்சு. சரி, இதே நொடில வெளிய வர்ற புதுத் துகள் எந்தப் பக்கம் போகும்? அடுத்த அரை சைக்கிள் ஓட்டம் கீழ தள்ளும், அதனால அதோட பாத்லைன் கீழ போகும். ஒரே புள்ளி, ஒரே நொடி, ஸ்ட்ரீம்லைன் நேரா, ஸ்ட்ரீக்லைன் மேல, பாத்லைன் கீழ. கணக்கு போட்டுப் பாத்தீங்கன்னா ஸ்ட்ரீக்லைனும் பாத்லைனும் ஒண்ணுக்கொண்ணு கண்ணாடி பிம்பம், ஒண்ணு 1 மைனஸ் காஸ், இன்னொண்ணு காஸ் மைனஸ் 1.

இதை ஜாவாஸ்கிரிப்ட்லயோ பைத்தான்லயோ முப்பது நாப்பது வரில எழுதிடலாம், பசங்களே எழுதுவாங்க. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு, ஸ்லைடர் ஒண்ணு மட்டும் வெக்கணும், ஒமேகாவுக்கு. கடையில கிடைக்குற சிமுலேஷன்ல பன்னெண்டு ஸ்லைடர், நாலு செக்பாக்ஸ், மூணு கலர் ஸ்கீம்னு இருக்கும், பசங்க அதையெல்லாம் தேய்ச்சு தேய்ச்சு விளையாடிட்டு எதனால எது மாறுச்சுன்னே தெரியாம எந்திரிச்சுப் போவாங்க. ஒரு ஸ்லைடர் இருந்தா அதுதான் காரணம்னு மறுக்க முடியாது. ஒமேகாவை பூஜ்யத்துக்குக் கொண்டு போங்க, மூணு கோடும் ஒண்ணா விழுந்துடும், அப்போ அந்தக் கடைசி வரிக்கு அர்த்தம் வந்துடும்.

இன்னொண்ணு நாசில், போகப் போகக் குறுகுற குழாய். ஸ்டெடி ஃப்ளோ, ஆனா ஆக்ஸலரேஷன் இருக்குன்னு சொன்னா நம்பவே மாட்டாங்க, ஸ்டெடின்னா மாறாதுதானே சார்னு கேப்பாங்க, நியாயமான கேள்வி. 20 சென்டிமீட்டர் நீளம், உள்ள வர்றப்போ செகண்டுக்கு 1 மீட்டர், வெளிய போறப்போ 3 மீட்டர், வேகம் நீளத்தோட ஒரே சீரா ஏறுதுன்னு வெச்சுக்கோங்க. ஸ்க்ரீனை ரெண்டாப் பிரிச்சு ஒரு பக்கம் ஒரே இடத்துல நின்னு வேகம் அளக்குற ப்ரோப், அதோட கிராஃப் தட்டையான கோடு. இன்னொரு பக்கம் ஒரு துகள் கூடவே போற கேமரா, அதோட கிராஃப் ஏறிக்கிட்டே போகுது. வெளிய போற இடத்துல கணக்கு போட்டா 3 இன்டு 10, செகண்ட் ஸ்கொயருக்கு 30 மீட்டர், புவியீர்ப்பைப் போல மூணு மடங்கு. ப்ரோப் இம்மியும் அசையல, துகள் மேல மூணு ஜி! மெட்டீரியல் டெரிவேட்டிவ்ல (துகள் கூடவே போய்ப் பாக்குற மாற்ற விகிதம்) இடம் மாறுறதால வர்ற ரெண்டாவது டெர்ம் எதுக்குன்னு அதுக்கப்புறம் யாரும் கேக்குறதில்ல.

ஆனா எல்லாத்துக்கும் அனிமேஷன் வேணுமான்னா வேணாம். ஹைட்ரோஸ்டேட்டிக்ஸ் (நிக்குற தண்ணியோட அழுத்தம்), மேனோமீட்டர் (அழுத்தம் அளக்குற குழாய்), மூழ்கின கேட் மேல விசை, இதெல்லாம் அசையாத விஷயம், இதுக்கு போய் அம்புக்குறி பறக்க விடுறது, பேக்ரவுண்ட்ல மியூசிக் போடுறது எல்லாம் கொடுமை. போர்டும் சாக்பீஸும் போதும், அதுவும் நாம வரையுற வேகத்துல அவங்களும் வரைவாங்க. மனோதத்துவ ஆய்வாளர் பார்பரா ட்வெர்ஸ்கியும் கூட ரெண்டு பேரும் 2002ல அனிமேஷன் பத்தின ஆய்வுகளை அலசி எழுதினதோட சாரமும் கிட்டத்தட்ட இதுதான், அனிமேஷன் ஜெயிச்சதா சொன்ன பல இடத்துல உண்மைல அனிமேஷன்ல கூடுதல் தகவல் இருந்துச்சு, படத்துல இல்ல, அதனால ஜெயிச்சது. அதோட அசையுற படம் மனசு வாங்கிக்குற வேகத்தைவிட வேகமா ஓடிடும்னு சொல்றாங்க. ஃப்ளூயிட்ல இது ரொம்ப நிஜம், ஒரு வோர்டெக்ஸ் உருவாகி உருண்டு ஓடிப்போறதுக்குள்ள எங்க பாக்கணும்னே பசங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. ஸ்லோ பண்ணுங்க, ஃப்ரேம் ஃப்ரேமா நகர்த்துங்க, எங்க பாக்கணும்னு விரல் வெச்சுக் காட்டுங்க.

சிஎஃப்டி, அதாவது கம்ப்யூடேஷனல் ஃப்ளூயிட் டைனமிக்ஸ், ஓட்டத்தைக் கம்ப்யூட்டர்ல கணக்கு போடுறது, அதைப் பத்தி எழுத ஆரம்பிச்சா கோபம் வரும், இருந்தாலும் எழுதிடுறேன். ஃபீல்டுல ஒரு பழைய ஜோக் இருக்கு, சிஎஃப்டின்னா கலர்ஃபுல் ஃப்ளூயிட் டைனமிக்ஸ்னு. இப்போ ஸ்டூடன்ட் வெர்ஷன் சாஃப்ட்வேர் இலவசம், ஓப்பன்ஃபோம் முழுசாவே இலவசம், லேப்டாப்ல ஒரு சாயங்காலத்துல சிவப்பும் நீலமுமா படம் வந்துடும். வந்த படத்தை பசங்க போட்டோ எடுத்த மாதிரி நம்புறாங்க. என்னோட விருப்பமான லேப் ஒண்ணு இதுக்குன்னே வெச்சிருக்கேன், ரெனால்ட்ஸ் நம்பர் 100ல ஒரு சிலிண்டரைச் சுத்தி ஓட்டம். முதல்ல கம்ப்யூட்டர் நேரம் மிச்சம்னு பாதி டொமைன் (கணக்கு போடுற பரப்பு) மட்டும் எடுத்து, நடுவுல மேலயும் கீழயும் ஒண்ணேன்னு சிம்மெட்ரி பவுண்டரி போட்டு, நேரத்தோட மாறாதுன்னு எடுத்துக்குற ஸ்டெடி சால்வர்ல ஓட்டச் சொல்லுவேன். அழகா கன்வெர்ஜ் ஆகி ஒரு விடையில நிக்கும், ரெசிடுவல், அதாவது மிச்சப் பிழை, எல்லாம் கீழ இறங்கும், சிலிண்டருக்குப் பின்னாடி சமச்சீரா சுழல், ரிப்போர்ட்ல ஒட்டுறதுக்குத் தோதான படம்.

அப்புறம் நிஜ வீடியோவை ஓட்டுவேன். நிஜத்துல ரெனால்ட்ஸ் நம்பர் சுமார் 47ஐத் தாண்டினாலே அந்த சமச்சீர் நிலை நிலைக்காது, சுழல் ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு மாறி மாறி உதிர ஆரம்பிச்சுடும், கார்மன் வோர்டெக்ஸ் ஸ்ட்ரீட். தண்ணில 1 சென்டிமீட்டர் விட்டம் உள்ள கம்பி, செகண்டுக்கு 1 சென்டிமீட்டர் வேகம், ரெனால்ட்ஸ் நம்பர் 100 வந்துடும், ஸ்ட்ரூஹல் நம்பர் (சுழல் உதிர்ற அதிர்வெண்ணை விட்டத்தாலயும் வேகத்தாலயும் அளந்து சொல்றது) அங்க 0.16 பக்கத்துல, அதாவது ஒரு முழு சைக்கிளுக்கு ஆறு செகண்டு. ஸ்டாப்வாட்ச் வெச்சு வீடியோல அளக்கலாம், அளக்கச் சொல்லுவேன். அளந்துட்டு தங்களோட ஸ்டெடி படத்தைத் திரும்பப் பாக்குறப்போ முகம் மாறும். சிம்மெட்ரின்னு நாமளே கையெழுத்து போட்டுக் கொடுத்துட்டோம், அப்புறம் எப்படி சால்வர் சிம்மெட்ரியை உடைக்கும்? முழு டொமைன், அன்ஸ்டெடி சால்வர், செகண்ட் ஆர்டர் ஸ்கீம் (இன்னும் துல்லியமான கணக்கு முறை), கொஞ்சம் நெருக்கமான மெஷ் (கட்டம்)னு மாத்தினப்புறம்தான் ஆட்டம் வரும், அப்பவும் ஃபர்ஸ்ட் ஆர்டர் அப்வின்ட்ங்கிற துல்லியம் குறைஞ்ச முறையில விட்டுட்டா, கணக்கு முறையே உண்டாக்குற பரவல், அதான் நியூமரிக்கல் டிஃப்யூஷன், சுழலை எல்லாம் மழுங்கடிச்சுடும்.

கலர்ல வேற ஒரு தொந்தரவு. ரெயின்போ கலர்மேப்ல மஞ்சள் இருக்குற இடத்துல ஒரு பளிச் பட்டை தெரியும், அங்க ஃப்ளோல ஏதோ ஷாக் வேவ் (அழுத்தம் திடீர்னு மாறுற இடம்) மாதிரி நடக்குதுன்னு பசங்க நினைச்சுக்குவாங்க, உண்மைல ஒண்ணுமே நடந்திருக்காது, கண்ணுக்கு மஞ்சள் வெளிச்சமா தெரியுது அவ்ளோதான். கிராஃப் வரையுற சாஃப்ட்வேர்கள்ல மேட்லேப் 2014ல டிஃபால்ட்டை ஜெட்ங்கிற வானவில் கலர்மேப்லேர்ந்து பருலாங்கிற வேற கலர்மேப்புக்கு மாத்திட்டாங்க, மேட்ப்ளாட்லிப்பும் 2017ல வந்த 2.0 வெர்ஷன்ல விரிடிஸ்ங்கிற கலர்மேப்புக்கு மாறிடுச்சு. நம்ம லேப் ரிப்போர்ட் மட்டும் இன்னும் வானவில்தான்.

தப்பான அனிமேஷன் பத்தியும் சொல்லணும். ஏர்ஃபாயில் (விமான இறக்கையோட குறுக்கு வெட்டு வடிவம்) முன்னாடி பிரியுற ரெண்டு துகள், மேல போனதும் கீழ போனதும் பின்னாடி ஒரே நேரத்துல சந்திக்கும், மேல் பாதை நீளம் அதனால வேகம் ஜாஸ்தி அதனால பிரஷர் கம்மின்னு அழகா வாய்ஸ் ஓவரோட ஒரு படம் எல்லா இடத்துலயும் சுத்துது. சந்திக்கணும்னு எந்த விதியும் கிடையாது. கேம்பிரிட்ஜ்ல ஹோல்கர் பாபின்ஸ்கி விண்ட் டனல்ல புகையை விட்டு விட்டு அனுப்பி எடுத்த வீடியோல மேல போன புகை முன்னாடியே போய்ச் சேர்ந்துடும், கீழ போனது பின்தங்கி வரும். நான் ரெண்டையும் அடுத்தடுத்து போடுவேன், முதல்ல தப்பானது, எது நிஜம்னு ஓட்டு, அப்புறம் புகை. டெக்ஸ்ட்புக்ல ஒரு தப்பு வரி இருந்தா மறந்துடும், அசையுற படத்துல பாத்த தப்பு லேசுல போகாது, அதை உடைக்க இன்னொரு அசையுற படம்தான் வேணும்.

இன்னொரு எரிச்சல், இந்த சமாச்சாரங்களோட ஆயுசு. ஜி.எம்.ஹோம்சியும் அவரோட குழுவும் 2000ல ஃப்ளூயிட் மெக்கானிக்ஸுக்குன்னே ஒரு சிடி போட்டாங்க, கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டி பிரஸ் வெளியீடு, வீடியோ, சிமுலேஷன், செஞ்சு பாக்குற பகுதின்னு அருமையான வேலை. இன்னைக்கு லேப்டாப்ல சிடி போடுற ஸ்லாட்டே இல்ல. வெப் பேஜுக்குள்ள ஓடுற ஜாவா ஆப்லெட்டை பிரவுசர்கள் கைவிட்டுடுச்சு, ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31ஓட முடிஞ்சுது, எத்தனை ஆசிரியர்கள் ராத்திரி ராத்திரியா உக்காந்து பண்ணின அனிமேஷன் எல்லாம் அதோட போச்சு. 1960கள் ஃபிலிம் இன்னும் ஓடுது, 2005 ஆப்லெட் ஓடல. அதனால புதுசா பண்றவங்க சாதா வீடியோ ஃபைலா ஒரு காப்பி எடுத்து வெச்சுடுங்க, புரோகிராமையும் ஈக்வேஷனையும் தனியா ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல வைங்க, பிளாட்ஃபார்ம் செத்தாலும் வேற யாராவது திரும்ப எழுதிக்குவாங்க.

இத்தனையும் பண்ணிட்டு பரீட்சைல "டெரைவ் பண்ணுக"ன்னு மட்டும் கேட்டா பசங்க வீடியோவை இன்டர்வெல்னு நினைச்சுடுவாங்க, அவங்க புத்திசாலிங்க, மார்க் எங்க இருக்கோ அங்கதான் போவாங்க. அதனால டெஸ்ட்ல ஒரு ஸ்ட்ரீக்லைன் ஃப்ரேமை பிரின்ட் பண்ணிக் கொடுத்து, சாயம் விட்ட புள்ளியைக் குறிச்சு, இந்த ஃப்ரேமை மட்டும் வெச்சு இந்த நொடியோட ஸ்ட்ரீம்லைனைச் சொல்ல முடியுமா, முடியாதுன்னா வேற என்ன தகவல் வேணும்னு கேக்குறேன். திருத்தக் கஷ்டம், ஒவ்வொருத்தன் ஒவ்வொரு மாதிரி எழுதுவான், அந்தக் கஷ்டத்தைப் படத்தான் வேணும்.

கடைசியா பசங்க கையில இருக்குற போனு. செகண்டுக்கு 240 ஃப்ரேம் எடுக்குற ஸ்லோ மோஷன் இப்போ நிறைய போன்ல இருக்கு. ஒரு அசைன்மென்ட் கொடுக்குறேன், தட்டையான தட்டு மேல குழாய்த் தண்ணியை நேரா விழ விடுங்க, விழுற இடத்தைச் சுத்தி மெல்லிசா வேகமா ஓடி, ஒரு வட்டத்துல திடீர்னு உயரம் கூடி மெதுவாகும், அந்த வட்டம்தான் ஹைட்ராலிக் ஜம்ப். பாட்டிலும் ஸ்டாப்வாட்சும் வெச்சு டிஸ்சார்ஜ், அதாவது செகண்டுக்கு எவ்ளோ தண்ணி வருதுன்னு அளங்க, ஸ்கேல் வெச்சு வட்டத்தோட ஆரம் அளங்க, குழாயை மூணு விதமா திறந்து வீடியோ எடுங்க, தண்ணியை கூட்டினா வட்டம் பெருசாகுமா சின்னதாகுமான்னு எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வரி எழுதி அப்லோட் பண்ணிடணும், சிஸ்டம்ல டைம் பதிவாகிடும். ஊகம் தப்பா இருந்தா மார்க் குறைக்கிறதில்ல. அந்த ஒரு வரி இல்லாம வீடியோ மட்டும் வந்தா, எவ்ளோ அழகா எடுத்திருந்தாலும், திருப்பி அனுப்பிடுவேன்.